டெஸ்ட்1 என்று நான் பெயர் வைத்த கம்ப்யூட்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டர் முதலாளி கேட்டு மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம் ஸ்கூட்டரில் அலைந்து ஓய்வுபெற்றவளிடம் "சாதனைகளை எழுதுங்க" என்றால் எதை எழுதுவது? சரியாக முடிந்த வேலை எதுவும் ஞாபகத்தில் இல்லை. சொதப்பியதுதான் தேதி கிழமையோடு நிற்கிறது. அதனால் சொதப்பியதையே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். "அந்த மேடமா? வாயத் தொறந்தா மூட மாட்டாங்க. மூக்கு மேல கோவம் வேற." இரண்டும் உண்மை. நான் சொல்லப்போகும் கதையில் என் கோபம் என்னைக் கவிழ்த்தது, என் வாய் காப்பாற்றியது. காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

விர்ச்சுவல் டிஸ்க்கில் விண்டோஸ் போடும் வேலையை இப்போது உங்களுக்குக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலை உண்டாக்க வேண்டும். அந்த ஃபைலையே தனி டிஸ்க் என்று கம்ப்யூட்டரை நம்பவைத்து, அதற்குள் இன்னொரு விண்டோஸைப் போட்டு, பட்டனை அமுக்கினால் அதிலிருந்தே கிளம்பும்படி செய்ய வேண்டும். டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸைத் தொடவும் வேண்டாம். ஒரே பெட்டி, இரண்டு குடித்தனம். எந்தக் கட்டளையை எப்போது அடிப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது நெட்டில் கொட்டிக்கிடக்கிறது.

இந்த வேலையில் என் முதல் அடி வில்லியனூர் கடைவீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் விழுந்தது. அவருடைய பழைய ஸ்டாக் புரோகிராம் புது விண்டோஸில் ஓடவில்லை. பழைய விண்டோஸை ஒரு ஃபைலுக்குள் போட்டுக் கொடுத்தேன். அந்த ஃபைலில் இரண்டு வகை உண்டு. ஃபிக்ஸட் வகை முழு இடத்தையும் முதல் நாளே எடுத்துக்கொள்ளும். டைனமிக் வகை தேவைக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக வளரும். இடம் மிச்சம் என்று டைனமிக் போட்டேன். நான் கவனிக்காதது ஒன்று. அதிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பும்போது, தன் முழு அளவுக்கும் அது ஒரே மூச்சில் விரியப் பார்க்கும். இடம் இல்லாவிட்டால் நீலத் திரைதான்.

கொடுத்துவிட்டு வந்த மறுநாளே அவர் தம்பி தேர்த்திருவிழா வீடியோ மொத்தத்தையும் அந்தப் பெட்டியில் ஏற்றிவிட்டார். காலையில் கடை நிறைய ஆள், திரை நீலமாக நிற்கிறது. நான் போய்க் காரணத்தைச் சொன்னதும் அந்தப் பெரியவர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"இன்னாம்மா இது? பொண்ணு பாக்க வரும்போது பத்து பேருன்னு சொன்னீங்க. பந்திக்கு நூறு பேர இட்டுக்கினு வந்து குந்துறீங்க. நான் எல எங்க போய்த் தேடுறது? வேணும்னா மொதல்லயே வேணும்னு கேட்டு வாங்கிக்கணும், தெரியுதா?"

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து ஃபிக்ஸட் தவிர வேறு போட்டதில்லை. அந்த மனிதர் அன்று கத்தாமல் இருந்திருந்தால் பின்னால் ஒரு பெண்ணின் பிழைப்பு போயிருக்கும். அவருக்கு அது தெரியாது. அவர் இப்போது இல்லை. நன்றி பெரியவரே என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

இனி பாகூர்க் கதை.

பாகூர்ப் பக்கம் விவசாயிகளுக்குப் போனில் ஆலோசனை சொல்லும் சின்ன மையம் ஒன்று இருந்தது. நெல்லில் பூச்சி, கரும்பில் நோய், எந்த விதை எங்கே கிடைக்கும் என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். மையத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் கிளார்க் ஆறுமுகம் அதில் கடிதமும் அறிக்கையும் அடிப்பார். இரண்டு மணிக்கு மேல் அமுதா உட்கார்ந்து போன் எடுப்பாள். அமுதாவுக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். பிறவியிலிருந்தே கண் தெரியாது. திரையில் இருப்பதைத் தமிழில் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. அதைக் காதில் மாட்டிக்கொண்டு, அவள் தட்டச்சு செய்யும் வேகம் எனக்கு வராது.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் குரல் மென்பொருளும் ஆறுமுகத்தின் அலுவலக மென்பொருளும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டன. ஒன்று இருந்தால் மற்றது உறைந்துபோகும். டிஸ்க்கைப் பிரிக்கக் கூடாது, இருக்கிற விண்டோஸைத் தொடக் கூடாது என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பழையதை மாற்றிப் புதுப் பெட்டி வந்த அன்றே என்னைக் கூப்பிட்டார்கள். விர்ச்சுவல் டிஸ்க் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அறுபது ஜிபி, ஃபிக்ஸட்.

நான் வேலை செய்யும்போது அமுதா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பாள்.

"இப்ப இன்னா மேடம் பண்றீங்க?"

அவளுக்குத் திரை தெரியாது, எனக்கு வாய் சும்மா இருக்காது. ரெண்டும் பொருந்திவிட்டது. ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொண்டே செய்தேன். ஓரிடத்தில் விண்டோஸ் எச்சரிக்கை காட்டும், உங்களுக்கும் காட்டும், 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று. கண்டுகொள்ளாமல் அடுத்ததை அமுக்கினால் சமர்த்தாக நிறுவிக்கொண்டு போகும். அதையும் சொன்னேன். "சும்மா பூச்சாண்டி காட்டுது அமுதா. நான் எத்தினி தடவ தாண்டியிருக்கேன்." வாய் ஓய்வதாக இல்லை. ஃபைல் என்றால் என்ன, அழித்தால் என்ன ஆகும் என்பதுவரை போய்விட்டேன். "அழிச்சா ஒடனே ஒண்ணும் போயிடாது. எடம் காலின்னு எழுதி வெச்சிக்கும், அவ்ளோதான். அதுக்கு மேல வேற ஏதாவது எழுதினாத்தான் நெஜமா போவும்." இதைப் போய் அந்தப் பெண்ணிடம் எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பெட்டி கிளம்பும்போது எந்த விண்டோஸ் வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டும். வழக்கப்படி அலுவலகத்து விண்டோஸை மேலே வைத்தேன். யாரும் எதுவும் தொடாவிட்டால் அதுவே தானாகக் கிளம்பும். கீழே இருப்பது வேண்டுமென்றால் அம்புக்குறியை ஒரு தடவை அமுக்க வேண்டும். அமுதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்தப் பட்டியல் எப்ப வரும்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்? அது பேசாதே."

நான் முழித்தேன். ஆறுமுகம் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். "மேடம், அந்தப் பொண்ணோடத மேல வெச்சிடுங்க. எனக்குக் கண்ணு தெரியுது இல்ல, நான் அம்ப அமுக்கிக்கிறேன்."

அப்படியே செய்தேன். பட்டனை அமுக்கிவிட்டு அமுதா மனசுக்குள் எண்ணுவாள். நாற்பதுக்குள் 'வணக்கம்' என்று குரல் வந்துவிடும். ஆறுமுகம் தினம் காலையில் தவறாமல் அம்புக்குறியை அமுக்கினார். மறந்துவிட்டால் குரல் வரும், அவர் சிரித்துக்கொண்டு அணைத்துவிட்டு மறுபடி போடுவார்.

இதில் நான் செய்த முதல் தப்பு சின்னது. அந்தக் கோப்புக்கு 'டெஸ்ட்1' என்று பெயர் வைத்தேன். சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. நம் தொழிலில் எல்லாரும் இதைச் செய்கிறோம், நீங்களும் நேற்று செய்திருப்பீர்கள். சரியாக வந்துவிட்டது, அதனால் மாற்றவில்லை. நகல் ஒன்று எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதையும் நினைத்ததோடு சரி.

இரண்டு வருஷம் ஓடியது. அதற்குள் அமுதா அந்தக் குரலுக்குப் பாகூர்த் தமிழைப் பழக்கியிருந்தாள். முதலில் அது 'கிருமாம்பாக்கம்' என்பதை நாலு துண்டாக உடைத்துச் சொல்லும். 'சேலியமேடு' வாயில் நுழையாது. 'குருத்துப்பூச்சி'யைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து திருத்தி, ஊர்ப் பெயர், பூச்சிப் பெயர், நெல் ரகம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லவைத்தாள். கூப்பிட்ட விவசாயிகளின் குறிப்புகளும் அதற்குள் இருந்தன. யார் நிலம் மேடு, யார் நிலம் பள்ளம், யாருக்கு எப்போது தண்ணீர் வரும் என்பதெல்லாம். "அமுதாவக் கூப்பிடு" என்று விவசாயிகள் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் வேலை தற்காலிகம்தான். நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று பார்க்க, ஒரு திங்கட்கிழமை புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. யார் துணையும் இல்லாமல் அவள் தனியாகக் கம்ப்யூட்டரில் வேலை செய்ய முடியும் என்று காட்ட வேண்டும். முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அந்தச் சம்பளத்தில்தான் அவளும் அவள் அம்மாவும் சாப்பிட்டார்கள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. மூலக்குளத்தில் நான் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உச்சி வெயில், ஹெல்மெட்டுக்குள் வேர்வை, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கொல்கிறது. ஒரு கிளினிக்கில் பிரிண்டர் ஓடவில்லை என்று ஏற்கெனவே மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். அப்போது ஆறுமுகத்தின் போன். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு பேசினேன். அது ஒன்றே என்னை வேலையைவிட்டு எடுக்கப் போதுமான தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

"மேடம், டிஸ்க் ஃபுல்லுன்னு சொல்லுது. அறிக்கை சேவ் ஆவல. வயல்ல எடுத்த வீடியோவெல்லாம் வேற ஏத்தணும்."

"இருக்கிறதுல பெரிய ஃபைல் எது, பாருங்க."

"ஒண்ணு இருக்குது மேடம். அறுபது ஜிபி."

"பேரு?"

"டெஸ்ட்1னு போட்டிருக்குது."

"எவனோ டெஸ்ட் பண்ணிட்டு உட்டுட்டுப் போயிருக்கான். தூக்கிப் போடுங்க. ஷிஃப்ட்ட அமுக்கிக்கினு டெலிட் அடிங்க."

அந்த 'எவனோ' நான்தான். அந்தப் பெயரை வைத்தது நான் என்பது ஒரு கணம்கூட மண்டையில் உறைக்கவில்லை. ஆறுமுகம் கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்.

"மேடம்... நிச்சயமா?"

"யோவ், நான் சொல்றேன் இல்ல? உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? அடி!"

என்னைவிட ஒரு வயசு மூத்த மனிதரை 'யோவ்' என்றேன். போனை வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போய் பிரிண்டரைப் பார்த்தேன். எச்சரிக்கையைத் தாண்டித் தாண்டிக் கை பழகியிருந்தது என்று இப்போது புரிகிறது. விண்டோஸ் முடியாது என்று சொன்னால் தாண்டியவள், மனுஷன் நிச்சயமா என்று கேட்டதையும் அதே கையால் தாண்டிவிட்டேன்.

அன்று அமுதா சீக்கிரமே வந்துவிட்டாள், திங்கட்கிழமைக்கு ஒத்திகை பார்க்க. ஆறுமுகம் அறிக்கையை சேவ் செய்துவிட்டு, வீடியோ ஏற்றுவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டாள். நாற்பது எண்ணினாள், குரல் வரவில்லை. நூறு எண்ணினாள். மறுபடி அணைத்துப் போட்டு இருநூறு எண்ணினாள். அப்புறம் ஆறுமுகத்தைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தால், தேவையான ஃபைலைக் காணோம் என்று திரையில் எழுத்து நிற்கிறது.

"அண்ணே, காலையில இந்தப் பொட்டியில இன்னா பண்ணீங்க?"

அவர் மறைக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார். அமுதா, "அண்ணே, இனிமே அதப் போடாதீங்க. உங்க விண்டோஸையும் போடாதீங்க. பிளக்கப் புடுங்கிடுங்க" என்றாளாம். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன்.

"மேடம், என் கம்ப்யூட்டர அழிச்சிட்டாங்க போல. பொட்டிய ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். அதுக்கு மேல எதுவும் எழுதல. நீங்க அன்னைக்குச் சொன்னீங்க இல்ல, மேல எழுதாம இருந்தா எடுக்கலாம்னு?"

டெஸ்ட்1 என்று பெயர் வைத்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது. கிளினிக் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாகூர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. மையத்தின் செயலாளர் எனக்கு முன்னால் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் திங்கட்கிழமை அவருக்கும் பரீட்சை. அமுதா நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆறுமுகம் சுவரோரம் நின்றிருந்தார்.

"யாருய்யா அழிச்சது?" என்றார் செயலாளர்.

"நான்தான் சார்" என்றார் ஆறுமுகம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடம் சொன்னாங்க என்று சொல்லவில்லை.

"அறிவிருக்கா? இன்னா ஏதுன்னு கேக்காம அழிப்பியா? திங்கக்கெழம இந்தப் பொண்ணு உக்காரலைன்னா இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு?"

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். அமுதாவின் முகம் என் பக்கமாகத் திரும்பியது. அவளுக்கும் தெரியும். அறையில் மூன்று பேருக்குத் தெரியும், ஒருவருக்குத் தெரியாது.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் உடனே பேசவில்லை. அந்த மையத்தின் வேலை நம் சென்டருக்கு முக்கியமானது. முதலாளி முகம் கண்ணில் வந்தது. இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் வந்தது. ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

"சார், அவரத் திட்டாதீங்க" என்றேன். "போன்ல அழிக்கச் சொன்னது நான். அவர் நிச்சயமான்னு கேட்டாரு. நான் கத்தி வாய அடைச்சேன். அந்த ஃபைலுக்கு அப்படிப் பேரு வெச்சதும் நான், காப்பி எடுத்து வெக்காததும் நான்."

செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல அத எடுத்துக் குடுங்க. மத்ததப் பிறகு பேசிக்கலாம்" என்றார்.

டிஸ்க்கை மையத்துக்கு வெளியே எடுத்துப்போக எழுத்தில் அனுமதி வேண்டும். கம்ப்யூட்டர் இல்லை. ஆறுமுகம் கையாலேயே கடிதம் எழுத, செயலாளர் கையெழுத்துப் போட்டார். அமுதா தன் கைப்பையிலிருந்து துவைத்து மடித்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டிஸ்க்கைப் பஞ்சுப் பையில் போட்டு, அந்தத் துண்டில் சுற்றி, தோள்பையை வயிற்றுப் பக்கம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால், ஒவ்வொரு வேகத்தடையிலும் காலை ஊன்றி ஊன்றி வில்லியனூர் வந்து சேர்ந்தேன். அன்று என்னை முந்தாத சைக்கிள் இல்லை.

நம் சென்டரில் அப்போது அழிந்த டேட்டாவை எடுக்க ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. நான் பேசும் பேச்சில் நூறில் ஒரு பங்குகூடப் பேச மாட்டார். நான் மூச்சுவாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார்.

"ஃபிக்ஸடா, டைனமிக்கா அக்கா?"

"ஃபிக்ஸட்."

"எப்பப் போட்டீங்க?"

"பொட்டி வந்த அன்னைக்கே. டிஸ்க் காலியா இருந்துது."

"அழிச்சப்புறம் எவ்ளோ நேரம் ஓடிச்சு?"

"ஒன்றரை மணி நேரம்."

தலையை ஆட்டினார். "அப்ப ஒரே துண்டா இருக்கும். வந்துடும்னு நெனக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

காலி டிஸ்க்கில் மொத்தமாக இடம் பிடித்த ஃபைல் என்பதால், அது சிதறாமல் ஒரே இடத்தில் நீளமாகக் கிடந்தது. டைனமிக்காக இருந்திருந்தால் இரண்டு வருஷத்தில் துண்டு துண்டாகப் பரவியிருக்கும், பொறுக்கிச் சேர்க்க முடியாது. எனக்கு அந்த மளிகைக் கடைப் பெரியவரும் அவருடைய பந்தி இலையும் ஞாபகம் வந்தன. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பழைய சுழலும் டிஸ்க். நீங்கள் இன்று போடும் எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், அது காலியான இடத்தைத் தானே துடைத்துவிடும், அழித்த கையோடு கதை முடிந்திருக்கும்.

உடனே தேட ஆரம்பியுங்கள் என்று நான் குதித்தேன். அவர் கேட்கவில்லை. முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கப் போட்டார். சாயங்காலம் வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. "அசல்ல கைய வெக்க வேணாம்க்கா. தப்பு பண்ணாலும் நகல்ல பண்ணிக்கலாம். நீங்க வூட்டுக்குப் போங்க" என்றார். நான் பக்கத்தில் இருந்தால் அவசரப்படுத்துவேன் என்று அவருக்குத் தெரியும். போனேன். சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கோப்பு கிடைத்தது. அதை ஒரு கம்ப்யூட்டரில் வைத்துக் கிளப்பினார். ஸ்பீக்கரை மாட்டிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன். நாற்பது தாண்டியது, ஐம்பதும் தாண்டியது. அறுபத்திரண்டில் 'வணக்கம்' என்றது.

நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

ஒரே ஒரு சேதம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆறுமுகத்தின் விண்டோஸ் எழுதியது ஏதோ ஒரு துளி மேலே விழுந்து, திரையின் பின்னணிப் படம் பாதி சாம்பல் நிறமாகியிருந்தது. வேறெதுவும் போகவில்லை. சாயங்காலம் பாகூரில் டிஸ்க்கைத் திரும்ப மாட்டும்போது அதை அமுதாவிடம் சொன்னேன்.

"அதுல படம் வேற இருந்துச்சா?" என்றாள். "இன்னா படம் மேடம்?"

"பச்சைப் புல்லுவெளி."

"பாகூர்ல இருந்துக்கினு அத வேற திரையில பாக்கணுமா?" என்று சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அந்தக் கோப்புக்கு 'அமுதாவின் கம்ப்யூட்டர் - அழிக்காதே' என்று பெயர் மாற்றினேன். கிளம்பும் பட்டியலிலும் அதற்குத் தகுந்தபடி மாற்றினேன். நகல் ஒன்றைத் தனி டிஸ்க்கில் எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். ஆறுமுகத்தின் வீடியோக்களுக்கு இன்னொரு டிஸ்க் வாங்கித் தரச் செயலாளரே ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் போயிருக்க வேண்டிய தேவை இல்லை. போனேன். அதிகாரி உள்ளே, நான் ஜன்னலுக்கு வெளியே. அமுதா பட்டனை அமுக்கினாள். அவள் உதடு அசைவது தெரிந்தது, எண்ணுகிறாள். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். 'வணக்கம்' வந்தது. அந்த நேரத்துக்கு நிஜமாகவே ஒரு போன் வந்தது. சேலியமேட்டிலிருந்து ஒருவர், நாற்றங்காலில் குருத்துப்பூச்சி என்றார். குரல் 'சேலியமேடு' என்று சுத்தமாகச் சொன்னது. அவருடைய பழைய குறிப்பை அவள் எடுத்து, "அண்ணே, உங்க மேட்டு நெலமா, ஏரிப் பக்கத்து நெலமா?" என்று கேட்டாள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். மாதம் முடிவதற்குள் நிரந்தர ஆணை வந்தது.

செயலாளர் நம் முதலாளியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். முதலாளி என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். வாங்கிக்கொண்டேன். மையத்தின் வேலை நம் கையைவிட்டுப் போகவில்லை.

ஆனால் உங்களிடம் சொல்ல நினைத்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அந்தத் திங்கட்கிழமை, எல்லாம் முடிந்து ஆறுமுகமும் நானும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முதலில் 'யோவ்' என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேடம்" என்றார். பிறகு கேட்டேன். "அன்னைக்கு ஏன் என் பேரச் சொல்லல? எனக்குப் பயந்துக்கினா?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பயமெல்லாம் இல்ல மேடம். உங்களுக்கு சட்டுனு கோவம் வரும். நான் உங்களக் காட்டிக்குடுத்து, நீங்க கோவிச்சிக்கினு வண்டியத் திருப்பிட்டீங்கன்னா? அந்தப் பொண்ணுக்கு அத யாரு எடுத்துக் குடுப்பா?"

ஒரு பெண்ணின் வேலை போகாமல் இருக்க, என் கோபத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்த மனிதர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் திரும்பிப் போய்விடக்கூடியவள் என்று நினைக்கும்படி இத்தனை வருஷம் நடந்துகொண்டிருக்கிறேன். அவருக்கு நன்றி என்று சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கோபம் அதற்குப் பிறகும் போய்விடவில்லை. அது என்னோடு பிறந்தது. ஆனால் ஒன்று மாறியது. போனில் எந்த ஊரிலிருந்து யார் "நிச்சயமா மேடம்?" என்று கேட்டாலும் வண்டியை ஓரம் கட்டினேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன், "இருங்க, மறுபடியும் பேரப் படிங்க" என்றேன். வேலையை விட்டு நின்ற கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். உங்களையும் கேட்பார்கள். ஓரம் கட்டுங்கள்.